நான்காம் மொழியின் தேர்தல் தமிழ்: சிங்கப்பூர்க் கட்சிப் பரப்புரையில் தமிழின் இடம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தேர்தல் காலத்தில் சிராங்கூன் சாலையில் நடப்பவர் எவரும் விளக்குக் கம்பங்களில் தொங்கும் பதாகைகளைக் காணாமற் செல்ல இயலாது. ஒரு முகம், ஒரு சின்னம், ஒரு சிறு வாசகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பதாகை. அவ்வாசகம் சில வேளைகளில் தமிழிலும் அமைந்திருக்கும். அதன் கீழே, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், தமிழ் பேசும் பெருங்கூட்டம் ஒன்று திரண்டிருக்கும். எனினும் அக்கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தோர்; அவர்களுக்கு இங்கு வாக்குரிமை இல்லை. வாக்குரிமை பெற்ற சிங்கப்பூர் இந்தியரோ தீவெங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பரவி வாழ்கின்றனர். 2020 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் இல்லத்தில் மிகுதியாகப் பேசும் மொழியாக ஆங்கிலத்தைக் குறித்தோர் 48.3 விழுக்காட்டினர், தமிழைக் குறித்தோர் 2.5 விழுக்காட்டினர். அவ்வாறாயின், பதாகையிலுள்ள தமிழ் யாரை நோக்கிப் பேசுகின்றது?

இக்கட்டுரை கட்சிகளின் கொள்கைகளை எடைபோட முற்படவில்லை. எக்கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ வாதிடுவதும் இதன் நோக்கமன்று. கட்சிகள் மக்களிடம் சொல்லும் செய்தியில் தமிழ் எத்தகைய பணியைச் செய்கின்றது என்பதை ஆராய்வதே இதன் நோக்கமாகும். ஒரு மொழி அரசியல் மேடையில் இருவகை இடங்களைப் பெறலாம். ஒன்று, ஓர் இனத்தாரின் இருப்பை மதித்து ஏற்பதற்கான அடையாளமாக நிற்பது. இதனை ஏற்பு மொழி எனலாம். மற்றொன்று, கருத்தை நிறுவவும் மறுக்கவும் பயன்படும் கருவியாக இயங்குவது. இதனை வாத மொழி எனலாம். சிங்கப்பூரில் தமிழ் முதலாவது இடத்தை உறுதியாகப் பெற்றுள்ளது. இரண்டாவது இடம் மெல்ல நழுவி வருகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1963: ஒரு மாநிலத் தேர்தல்

சிங்கப்பூர்த் தேர்தல் வரலாற்றில் இந்தியர் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தனர். 1948 இல் நடைபெற்ற முதல் தேர்தலில் வாக்குரிமை பிரிட்டிஷ் குடிமக்களுக்கே உரியதாயிருந்தது. பதிவு செய்வதும் அவரவர் விருப்பமாயிருந்தது. அந்நிலையில் இந்தியர் தம் மக்கள்தொகைப் பங்கினைவிட மிகுதியான அளவில் வாக்காளராகப் பதிந்தனர். ஆயினும் அன்றைய அரசியலின் மொழி ஆங்கிலமே. 1955 ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி நான்கு வேட்பாளரை நிறுத்தி மூவரை வெற்றி பெறச் செய்தது. தோற்ற ஒருவர் தேவன் நாயர். அவர் போட்டியிட்ட தொகுதி இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க்.

1957 இல் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்ட காலத்தில், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர்கள் குடியுரிமை பெற்று இந்நாட்டை ஏற்க வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். அவருடைய பரப்புரை எக்கட்சிக்கும் வாக்குக் கேட்பதாக அமையவில்லை. இங்கே தங்குவதா, தாயகம் திரும்புவதா என்று தயங்கி நின்ற மனிதனைப் பார்த்து, அவன் மொழியில், அவன் அச்சங்களுக்கு விடை கூறும் வாதமாகவே அது அமைந்தது. சிங்கப்பூர்த் தமிழ் வாத மொழியாக இயங்கியதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

1963 செப்டம்பர் 16 இல் மலேசியா உருவாயிற்று. அதற்கு ஐந்து நாள்களுக்குப் பின், செப்டம்பர் 21 இல், அக்கூட்டாட்சியின் ஒரு மாநிலமாகச் சிங்கப்பூர் தன் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. மொத்தம் 51 இடங்களில் மக்கள் செயல் கட்சி 37 இடங்களையும் பாரிசான் சோசியாலிஸ் 13 இடங்களையும் பெற்றன. வாக்கு விழுக்காட்டில் அவை முறையே 46.9, 33.2 ஆகும். அவ்வாண்டு பிப்ரவரி 2 இல் 'கோல்ட் ஸ்டோர்' நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பாரிசான் தலைவர்கள் பலரும் இருந்தனர். ஆகவே இத்தேர்தலைச் சமநிலையில் நிகழ்ந்த கருத்துப் போட்டியாக மட்டும் காண்பது பொருந்தாது.

எனினும் பரப்புரை நோக்கில் இதன் மற்றொரு முடிவு கருதத்தக்கது. கோலாலம்பூரின் ஆளுங்கூட்டணியை ஒட்டியமைந்த சிங்கப்பூர்க் கூட்டணியில் அம்னோ, மலாயாச் சீனர் சங்கம், மலாயா இந்தியர் காங்கிரஸ் ஆகியவற்றின் சிங்கப்பூர்க் கிளைகள் இடம்பெற்றிருந்தன. இனந்தோறும் ஒரு கட்சி, இனந்தோறும் ஒரு செய்தி என்பது அதன் அமைப்பு. அக்கூட்டணி ஓரிடத்தையும் வெல்லவில்லை. கேலாங் சிராய் உள்ளிட்ட மலாய்த் தொகுதிகளும் மக்கள் செயல் கட்சியின் வசமாயின. துறைமுகத் தொழிலாளர் பகுதியான ஆன்சனில் பெருமாள் கோவிந்தசாமி வென்றார். அங்கே போட்டியிட்ட முன்னாள் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் தோற்றார். தமிழ்த் தொழிலாளியை 'இந்தியனே' என்று அழைத்த குரலைவிட, 'தொழிலாளியே, குடிமகனே' என்று அழைத்த குரல் வலிமை பெற்ற தேர்தல் இது என்று கொள்ள இடமுண்டு. 1964 இல் மலாயாவில் நடைபெற்ற கூட்டாட்சித் தேர்தலில் மக்கள் செயல் கட்சி பெற்ற ஒரே நாடாளுமன்ற இடமான பங்சாரில் வென்றவர், ஃபேரர் பார்க்கில் முன்பு தோற்ற அதே தேவன் நாயர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மூன்று குரல்களும் நான்காவதும்

1961 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் லீ குவான் இயூ மலேசிய இணைப்புக் குறித்துப் பன்னிரண்டு வானொலி உரைகள் ஆற்றினார். ஆங்கிலம், மலாய், மாண்டரின் ஆகிய மும்மொழிகளிலும் அவரே பேசினார். ஒரு தலைவர் தம் தொண்டையிலிருந்தே மூன்று சமூகங்களுடன் வாதிட்ட அந்நிகழ்வு, சிங்கப்பூர் அரசியல் தொடர்பாடலுக்கு ஒரு மரபை வகுத்தது. பிற்காலத்தில் பிரதமரின் தேசிய தினப் பேரணி உரையும் அம்மும்மொழி வழக்கையே பின்பற்றியது. தமிழ் கேட்போருக்கு அவ்வுரை மொழிபெயர்ப்பாளரின் குரலில் வந்து சேர்கின்றது.

இதனைக் குறையாகக் கூறுவது என் கருத்தன்று. எல்லாத் தலைவரும் நான்கு மொழி கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். தலைவர் ஒரு மொழியில் தாமே பேசும்போது அம்மொழியின் பழமொழியையும் நகைச்சுவையையும் வசையையும் தேடிச் செல்கின்றார். அம்மொழி பேசுவோர் எதனை நம்புவர், எதனை எள்ளுவர் என்பதைக் கணிக்கின்றார். மொழிபெயர்ப்பிற்கு அக்கட்டாயம் இல்லை. பொருள் பிழையாமல் இருந்தால் அதன் கடமை முடிந்தது. எனவே மூன்று மொழிகளில் வாதமாக எழுந்தது நான்காம் மொழியில் அறிக்கையாகப் போய்ச் சேர்கின்றது.

தேர்தல் ஒலிபரப்பு விதிகள் தமிழுக்குச் சம இடம் தருகின்றன. குறைந்தது ஆறு வேட்பாளரை நிறுத்தும் கட்சிகளுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரம் ஒதுக்கப்படுகின்றது. நிறுத்தும் வேட்பாளரின் எண்ணிக்கைக்கேற்ப அந்நேரம் கூடுகின்றது. தமிழ் ஒலிபரப்பும் அதில் அடங்கும். ஆயினும் அவ்வுரைகளைக் கூர்ந்து கேட்கும் தமிழாசிரியர் எவரும் ஒன்றை உணர்வர். சொற்கள் தமிழாயிருக்கும், வாக்கியத்தின் எலும்புக்கூடு ஆங்கிலமாயிருக்கும். பெயர்ச்சொற்கள் அடுக்கடுக்காக நிற்க, வினைச்சொல் இறுதியில் 'உறுதி செய்யப்படும்', 'மேம்படுத்தப்படும்' எனச் செயப்பாட்டில் வந்து ஒதுங்கும். யார் உறுதி செய்வார், யாருக்கு, எப்போது என்னும் வினாக்கள் விடையின்றிக் கரைந்து போகும்.

முழக்கங்களின் இலக்கணம்

முழக்கம் சிறிதாயினும் அரசியல் நிலைப்பாடு முழுவதும் அதன் இலக்கணத்தில் ஒளிந்திருக்கும். அண்மைத் தேர்தல்களின் மூன்று ஆங்கில முழக்கங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தமிழில் சிந்தித்தால் என்ன நிகழும் எனக் காண்போம். கட்சிகள் வெளியிட்ட தமிழாக்கங்களைத் திருத்துவது இங்கு நோக்கமன்று; ஆங்கில மூலம் தமிழிடம் எவ்வினாக்களை எழுப்புகின்றது என்பதே கருதப்படுகின்றது.

கோவிட் பரவலுக்கிடையே, நேரடிப் பேரணிகளின்றி நடைபெற்ற 2020 ஜூலை 10 தேர்தலில், மக்கள் செயல் கட்சியின் முழக்கம் 'அவர் லைவ்ஸ், அவர் ஜாப்ஸ், அவர் ஃபியூச்சர்' என்பதாகும். ஆங்கிலத்தின் 'அவர்' என்னும் சொல் கேட்பவரை உள்ளடக்குகின்றதா, விலக்குகின்றதா என்பதைச் சொல்லாது. தமிழில் அது இயலாது. 'நம்' என்றால் பேசுவோரும் கேட்போரும் ஒன்று. 'எங்கள்' என்றால் கேட்போர் வெளியே நிற்கின்றனர். மலாயிலும் 'கித்தா', 'காமி' என்னும் இவ்வேறுபாடு உண்டு. ஆகவே தமிழில் முழக்கத்தை எழுதுவோர் ஆளும் கட்சிக்கும் வாக்காளருக்கும் இடையிலான உறவைத் தீர்மானித்த பின்னரே முதற்சொல்லை எழுத முடியும். அவ்வாறே 'லைவ்ஸ்' என்பது உயிரா, வாழ்க்கையா? தொற்றுக் காலத்தில் அச்சொல் இரண்டையும் ஒருசேரக் குறித்தது. 'உயிர்' என்று எழுதினால் நோயின் அச்சம் முன்வருகின்றது. 'வாழ்வு' என்று எழுதினால் அன்றாடக் கவலை முன்வருகின்றது. என் வகுப்பில் இதனைப் பயிற்சியாக அளித்தபோது மாணவர் பலரும் தயங்காமல் 'நமது' என்றே எழுதினர். 'எங்கள்' என்று ஏன் எழுதக்கூடாது என்று கேட்டபோதுதான் அறை அமைதியாயிற்று. அந்த அமைதியில்தான் அவர்கள் முதன்முறையாக ஒரு முழக்கத்தைத் தமிழில் படித்தார்கள் என்று கருதுகின்றேன்.

அதே தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் முழக்கம் 'மேக் யுவர் வோட் கவுண்ட்' என்பது. ஆங்கிலத்தில் 'கவுண்ட்' என்பதற்கு எண்ணப்படுதல், பொருட்படுத்தப்படுதல் என இருபொருள் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இருபொருளும் உதிர்ந்து, 'உங்கள் வாக்கை மதிப்புள்ளதாக ஆக்குங்கள்' என்னும் உயிரற்ற தொடரே எஞ்சும். ஆனால் தமிழில் 'எண்ணுதல்' என்னும் வினைக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என்னும் இருபொருள் உண்டு. 'எண்ணி வாக்களிப்போம், எண்ண வைப்போம்' என்பது போன்ற ஒரு தொடர், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாதத்தையே முன்வைக்கும்: வாக்குச் சீட்டை எண்ணுபவர் வாக்காளரின் எண்ணத்தையும் எண்ண வேண்டும் என்பது அது.

2025 மே 3 தேர்தலில் அக்கட்சி 'வொர்க்கிங் ஃபார் சிங்கப்பூர்' என்றது. அதில் எழுவாய் இல்லை. உழைப்பவர் கட்சியா, மக்களா, இருவருமா என்பது திறந்தே விடப்பட்டுள்ளது. தமிழ் வினைமுற்று அதனை அனுமதிக்காது. 'உழைக்கிறோம்' எனின் தன்மை, 'உழைக்கிறார்கள்' எனின் படர்க்கை. விகுதி பொறுப்பாளரைக் காட்டிக் கொடுத்துவிடும். கட்சியின் பெயருக்கும் முழக்கத்துக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொல்லுறவு தமிழிலும் கைகூடும். பாடுபடுவோனே பாட்டாளி, ஆகவே 'சிங்கப்பூருக்காகப் பாடுபடுவோம்' என்பதில் கட்சியின் பெயரே வினையாகி நிற்கும். 'உழைப்போம்' என்று எழுதினால் அவ்வுறவு அறுந்துவிடும். ஒரு சொல்லின் தேர்வில் ஒரு கட்சியின் அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு தொடர்வதும் அறுவதும் அமைகின்றன.

தமிழகத்தின் எடுத்துக்காட்டு

தமிழே வாத மொழியாக இயங்கும் களத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1967 ஆம் ஆண்டுச் சென்னை மாநிலத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று முழங்கியது. 'படி' என்பது அடுக்களைச் சொல்; எடைக் கல்லையோ புள்ளிவிவரத்தையோ நாடாமல் அரிசி அளக்கும் கையை நாடியது. 'இலட்சியம்', 'நிச்சயம்' என்னும் இயைபு, விருப்பத்துக்கும் வாக்குறுதிக்கும் இடையே எல்லைக்கோடு வரைந்தது. அவ்வெல்லைக்கோடே பின்னர் அக்கட்சியை அளக்கும் கோலாகவும் ஆயிற்று. ஆட்சிக்கு வந்தபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்று, முழு மாநிலத்துக்கும் விரிவடையாமல் நின்றபோது, மக்கள் அதே சொற்களைக் கொண்டே கேள்வி கேட்க முடிந்தது. 2006 தேர்தலில் இரண்டு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி, இலவச வண்ணத் தொலைக்காட்சி ஆகிய வாக்குறுதிகள் தாங்கிய தேர்தல் அறிக்கையே அத்தேர்தலின் 'கதாநாயகன்' எனப் பேசப்பட்டது.

தமிழக மேடைத்தமிழைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. அடுக்குமொழி பல வேளைகளில் வாதத்தின் வெறுமையை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டுள்ளது. இலவசங்களின் பொருளியல் குறித்த கடும் விமரிசனங்களும் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. வாக்குறுதி மக்கள் மொழியில் பிறந்தால் அதனை மீறுவதும் மக்கள் மொழியில் அம்பலமாகும். 'மேம்படுத்தப்படும்' என்று சொன்னவரிடம் எதனைச் சுட்டிக் கேட்பது?

குழுத்தொகுதியும் தமிழ் உரையும்

சிங்கப்பூரில் தமிழ் ஏற்பு மொழியாகச் சுருங்குவதற்கு நிறுவனக் காரணங்கள் உள்ளன. 1988 இல் குழுத்தொகுதி முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மையினர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பது விதி. நாடாளுமன்றத்தில் சிறுபான்மையினரின் இருப்பை அது உறுதி செய்தது; அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் பரப்புரையில் அது ஒரு வேலைப் பிரிவினையையும் உண்டாக்கியது. மேடையில் தமிழ் பேசும் பொறுப்பு பெரும்பாலும் குழுவின் இந்திய உறுப்பினருக்கு வந்து சேர்கின்றது. அவர் பஞ்சாபியராகவோ மலையாளியாகவோ இருந்தாலும் அப்பொறுப்பு அவருடையதாகின்றது. ஏனையோர் 'வணக்கம்' என்று கைகூப்பி அமைகின்றனர். அந்த வணக்கம் மதிப்பின் அடையாளம். அதனை நாம் மகிழ்ந்து ஏற்கிறோம். ஆயினும் வணக்கத்துக்குப் பின் வர வேண்டிய வாக்கியம் பல வேளைகளில் வருவதில்லை.

இரண்டாவது காரணம் குடியிருப்பு. 1989 இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைப்படுத்தப்பட்டது. இனத்தவர் ஓரிடத்தில் குவியாமல் பரவி வாழ்வதால் தமிழர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி என்று ஒன்றில்லை. தமிழில் வாதிட்டு ஒரு தொகுதியை வெல்லலாம் என்னும் கணக்கு எக்கட்சிக்கும் கிடையாது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நான்கு மொழிகளிலும் ஒரே செய்தியைச் சொல்வதே பாதுகாப்பு. ஓர் இனத்திடம் ஒன்றும் மற்றோர் இனத்திடம் வேறொன்றும் சொல்வது ஆபத்து. 1964 ஜூலை இனக்கலவரத்தைக் கண்ட நாட்டில் இதனை மறக்கலாமா என்பர். இம்மறுப்பு வலிமையானது, அதன் முதற்பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒரே செய்தி என்பதற்கு ஒரே வாக்கிய அமைப்பு என்பது பொருளன்று. சாரங்கபாணி தமிழில் வாதிட்டதால் நாட்டொற்றுமை குலையவில்லை. மாறாக, தமிழர் இந்நாட்டுக் குடிகளாயினர். அதே உண்மையைத் தமிழின் இயல்பில் சொல்வது இன அரசியலாகாது. அது மொழிக்கு உரிய வேலையைத் தருவதேயாகும்.

ஆசிரியர் பொறுப்பு

இதுவரை கூறியவற்றால் பழி முழுவதும் கட்சிகளைச் சாரும் எனக் கொள்வது தவறாகும். வாதத்தைக் கேட்கும் செவி இல்லாத இடத்தில் வாதம் பிறக்காது. சிங்கப்பூர்த் தமிழ், குடிமை வாழ்வுக்குரிய சொற்களைத் திறம்பட உருவாக்கிய மொழி. வீவக, மசேநி, பொருள் சேவை வரி, குழுத்தொகுதி, தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியன இம்மண்ணின் செய்தித்தாளிலும் ஒலிபரப்பிலும் தழைத்த வழக்குகள். தமிழகத்து வாசகர்க்குச் சில விளங்கா. நமக்கோ அவை வீட்டுச் சொற்கள். சொற்களஞ்சியம் நம்மிடம் உண்டு. அதனைக் கொண்டு வாதிடும் பயிற்சிதான் குறைகின்றது.

நம் வகுப்பறையில் மாணவர் பொங்கலைப் பற்றியும் மறுபயனீட்டைப் பற்றியும் மூத்தோரை மதித்தலைப் பற்றியும் தமிழில் பேசக் கற்கின்றனர். பொருள் சேவை வரி உயர்வு சரியா, தவறா என்று பேச நேர்ந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனர். தமிழ் பண்பாட்டுக்கு, ஆங்கிலம் பொருட்படுத்தத்தக்க விவகாரங்களுக்கு என்னும் பாகுபாட்டை நாமே அவர்களுக்குக் கற்பித்துவிட்டோம். 2025 தேர்தலின் வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23 இல் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் தமிழ்மொழி விழா கொண்டாடப்படும் மாதம் அது. விழா மேடையில் தமிழின் பெருமையைப் பேசிய நம்மில் எத்தனை பேர், அந்நாள்களில் வெளிவந்த தேர்தல் உரைகளை வகுப்பில் மொழிப்பாடமாக எடுத்துப் பார்த்தோம்? கட்சி சார்பின்றி இதனைச் செய்ய முடியும். இரு கட்சிகளின் தமிழ்ச் செய்திகளை அருகருகே வைத்து எழுவாயைத் தேடச் சொல்வது இலக்கணப் பாடமே. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றச் சொல்வதும் இலக்கணப் பாடமே. அதனைச் செய்து முடித்த மாணவன் ஒரு வாக்குறுதியை வாசிக்கவும் கற்றிருப்பான்.

முடிவுரை

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 இல் சிங்கப்பூரிலேயே தொடங்கப்பெற்றது. அத்துறையில் தமிழ் நிலைபெற வேண்டும் என்பதற்காகச் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அப்பெயரில் உள்ள 'எங்கள்' என்பதைக் கருதிப் பார்க்கலாம். அது பிறரை விலக்கும் சொல்லாயினும், தமக்கென ஓர் உரிமையைப் பிறர் முன் எழுந்து நின்று கோரும் சொல். இன்றைய தேர்தல் முழக்கங்கள் நம்மை 'நாம்' என்று அழைக்கின்றன; அவ்வழைப்பை மனமுவந்து ஏற்போம். ஆனால் அந்த 'நாம்' உண்மையாக வேண்டுமெனில், அதற்குள் நின்று நம் மொழியில் கேள்வி கேட்கவும் விடை பெறவும் இயல வேண்டும். சிராங்கூன் சாலை விளக்குக் கம்பத்தில் தமிழ் எழுத்துகள் தொங்குவது நமக்குக் கிடைத்த மதிப்பு. அவ்வெழுத்துகளை நிறுத்திப் படித்து, அவற்றோடு தமிழில் வாதிடும் வாக்காளர் ஒருவரேனும் அடுத்த தலைமுறையில் இருப்பாரா என்பது வகுப்பறையில் நாம் செய்வதைப் பொறுத்தது.